பெயர்க்கணக்கர் ஜான் போஸ்டல்

நாம் நாடோறும் மின்னஞ்சல் விடுக்கின்றோம். அதற்கு வழி வகுத்தவரை நினைப்பதில்லை. அவருள் ஒருவர் ஜான் போஸ்டல். இவர் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், ஆல்டடீனா என்னும் ஊரில், 1943ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் பிறந்தார். தபாலுக்கு விதி எழுதவிருந்தவர்க்குப் போஸ்டல் என்பதே குலப்பெயராய் வாய்த்தது. இடுகுறிப்பெயர் காரணப்பெயராயிற்று எனலாம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பயின்று 1974இல் டாக்டர் பட்டம் பெற்றார். மாணவராயிருந்த 1969ஆம் ஆண்டிலேயே, ஆர்பாநெட் என்னும் கணினி வலைக்குரிய விதிக்குறிப்புகளைப் பதிப்பிக்கும் பொறுப்பு அவர்பால் வந்தது. எண்களையும் பெயர்களையும் பதிந்து காக்கும் வேலையும் பின்னர்ச் சேர்ந்தது. மின்னஞ்சலைச் சர்வருக்குச் சர்வர் கையளிக்கும் முறையை 1982இல் எழுதியவரும் அவரே.

அந்நாளில் கணினிப் பெயர்கள் யாவும் ஒரே அட்டவணையில் அடங்கின. வலை பெருகவே அட்டவணை தாங்கவில்லை. போஸ்டல் இதனைப் பால் மாக்கபெட்ரிஸ் என்பாரிடம் ஒப்புவிக்க, 1983இல் டி.என்.எஸ். பிறந்தது. அதன்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்ச்சுவடியைத் தானே காக்கும். ஒரு கம்பெனியின் அஞ்சல் சர்வரை நோக்குவோம். வெளியார் வினவினால், எம்.எக்ஸ். என்னும் பதிவு அச்சர்வரின் பெயரைக் கூறும். அப்பெயர் வெளிமுகவரியைத் தரும். அலுவலகத்துள்ளார் அதே பெயரை வினவினால் உள்முகவரி கிடைக்குமாறு உள்ளே வேறொரு சுவடி வைப்பதுண்டு. ஆனால் அதே டொமைனுக்கு உட்சுவடி வைத்தோர், வெளியிலுள்ள தம் தளங்களின் பெயர்களையும் அதில் எழுதல் வேண்டும். எழுத மறந்த பெயர், உலகுக்கெல்லாம் தெரிந்திருந்தும், அவ்வலுவலகத்தார்க்கு மட்டும் இல்லாததாகிவிடும்!

ஆதாமைப்போல் போஸ்டல் யாவற்றிற்கும் பெயரிட்டாரல்லர். இட்ட பெயர்களைக் காத்தார். நாடுகளுக்குரிய ஈரெழுத்துப் பெயர்களையும் ஏற்கெனவே இருந்த சர்வதேசப் பட்டியலிலிருந்தே எடுத்தார். எது நாடு, எது நாடன்று எனத் தீர்ப்பது தம் வேலையன்று என்பது 1994இல் அவர் எழுதி வைத்த நிலை. இதனினும் அறிவான செயல் அவர் வாழ்வில் வேறில்லை என்பது நம் கருத்து.

ஆயினும் இவ்வதிகாரம் யாருடையது? 1998 ஜனவரி 28ஆம் நாள், பெயர்மரத்தின் வேராகிய 13 சர்வர்களுள் எட்டினை நடத்தியோர்க்கு, மூலப்பட்டியலை இனித் தம்மிடத்தே பெறுமாறு மடல் விடுத்தார். அவர்களும் இசைந்தனர். அரசினர் வெகுண்டனர். சோதனையே எனக் கூறிப் போஸ்டல் யாவற்றையும் பழையபடி திருப்பினார். அத்துமீறல் என்பாரும் உளர். நமக்கு வியப்பூட்டுவது, அத்துணைப் பேரும் ஒரு மடலுக்கே இசைந்தமைதான். அவர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் அவர் கையில் இருந்ததில்லை.

அவர் பொறுப்புகளை ஏற்க ஐகான் என்னும் அமைப்பு அவ்வாண்டு செப்டம்பரில் தோன்றியது. அக்டோபர் 16ஆம் நாள், இதய நோயால், 55ஆம் வயதில் போஸ்டல் காலமானார்.