சிப்சி கிராமத்துப் பாதிரியார் மனைவி

அன்னி பெசன்ட் அம்மையாரை இந்திய தேசிய காங்கிரசின் முதலாவது பெண் தலைவராகவே நாம் அறிவோம். அவர் ஒரு கிராமத்துப் பாதிரியாரின் மனைவியாக வாழ்ந்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1847 இல் இலண்டனில் பிறந்த அன்னி, ஐந்து வயதிலேயே தந்தையை இழந்தார். தாயார் ஹரோ பாடசாலை மாணவர்களுக்கு விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1867 டிசெம்பரில், இருபது வயதில், பிராங்க் பெசன்ட் பாதிரியாருக்கு அன்னி வாழ்க்கைப்பட்டார். மணமான புதிதில் சிறுகதையொன்றை எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினார். முப்பது ஷில்லிங் வந்தது. தன் கையால் உழைத்த முதற் பணம்! ஆனால் மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்கே உரியது என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். பணம் அவர் கைக்குப் போய்விட்டது. மனைவியின் உழைப்பு அவளுக்கே சொந்தம் என்று இஸ்லாம் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்திருப்பதை அறிந்த நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும்.

1871 இல் மகள் மேபல் குக்கல் நோயால் உயிருக்குப் போராடினாள். பால்மணம் மாறாத பிள்ளை மூச்சுக்குத் தவிப்பதைக் கண்ட தாயின் உள்ளத்தில், கிறிஸ்தவ சமயத்தைப் பற்றிய கேள்விகள் எழுந்தன. மறு வருடம் கணவர் லிங்கன்ஷயர் மாவட்டத்திலுள்ள சிப்சி கிராமத்துக்குப் பாதிரியாரானார். வயல்கள் சூழ்ந்த சிற்றூர் அது. பாதிரியார் மனைவி கோயிலுக்கு வருகிறாளா இல்லையா என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். அன்னி நோயுற்ற ஏழைகளின் குடிசைகளுக்குச் சென்று பணிவிடை செய்தார். அதில் குறை வைக்கவில்லை. திருவிருந்துச் சடங்கில் மட்டும் கலந்துகொள்ள மறுத்தார். நம்பாததை நம்புவதாக நடிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை.

1873 இல் ஒருநாள், ஆர்கன் வாசித்துப் பழகுவதற்காக வெறிச்சோடிய தேவாலயத்துக்குள் சென்று கதவைப் பூட்டிக்கொண்டார். ஏதோ ஓர் ஆசை. பிரசங்க மேடையில் ஏறி, ஆளில்லாத ஆசனங்களை நோக்கிப் பேசத் தொடங்கினார். பெண்கள் ஏறக்கூடாத மேடை அது. பின்னாளில் ஆயிரக்கணக்கானோரைக் கட்டிப்போட்ட நாவன்மையை அவர் முதன்முதலாக உணர்ந்தது அங்கேதான்.

அதே வருடம் கணவர் இறுதியாகக் கேட்டார்: திருவிருந்துக்கு வருவதா, வீட்டை விட்டுப் போவதா? அன்னி போவதையே தெரிந்துகொண்டார். பிரிவினை உடன்படிக்கையின்படி மகன் டிக்பி தந்தையிடம் தங்கினான். மேபல் தாயுடன் சென்றாள். பேனாவும் மேடையும் அன்னிக்குச் சோறு போட்டன.

அந்தச் சுதந்திரத்தின் விலை பிறகுதான் தெரிந்தது. குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலொன்றை வெளியிட்டதற்காக 1877 இல் வழக்கில் நின்றார். அதையும் அவரது நாத்திகத்தையும் காரணங்காட்டி, மறு வருடம் நீதிமன்றம் எட்டு வயதும் நிரம்பாத மேபலைத் தாயிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் ஒப்படைத்தது. 1888 இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களுக்காக அன்னி போராடியபோதும் பிள்ளைகள் அவருடன் இல்லை. பிற்பாடு பிரம்மஞானத்தில் ஈடுபட்டு, 1893 இல் இந்தியாவுக்கு வந்தார். 1933 இல் அடையாற்றில் காலமானார்.

பிள்ளைகள் இருவரும் வளர்ந்து பெரியவர்களானதும், தாங்களாகவே தாயைத் தேடி வந்தார்கள்.