ஃபிளாஸ்க்கை கண்டுபிடித்தவர் ஒருவர், காசு பார்த்தவர் வேறொருவர்! யார் இந்த ஜேம்ஸ் டூவர்?

ஆஸ்பத்திரிக்கு டீ வாங்கிட்டுப் போகிற ஃபிளாஸ்க்குக்கும் நோபல் பரிசு வென்ற புரத ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் ஜேம்ஸ் டூவர்.

1842-ல் ஸ்காட்லாந்தின் கின்கார்டினில், விடுதி நடத்தியவரின் மகனாகப் பிறந்தார். 10 வயதில், உறைந்து கிடந்த நீரின் மேல் போனபோது பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தார். அதைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவரை நெடுநாள் முடக்கிப்போட்டது. அந்த நாட்களில்தான் வயலின் செய்யக் கற்றுக்கொண்டார். குளிரால் படுத்த அதே பையன், பிற்பாடு வாழ்நாள் முழுக்க குளிரையே துரத்தினார்.

1877 முதல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியர். வாயுக்களை குளிர்வித்து திரவமாக்குவதுதான் வேலை. ஆனால் சிக்கலே அதுக்கப்புறம்தான். திரவ ஆக்சிஜனை சாதாரண பாத்திரத்தில் வைத்தால், அறையின் சூட்டுக்கே கொதித்து ஆவியாகிப் போய்விடும். 1892-ல் வழி கண்டுபிடித்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குடுவைகள், நடுவில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து வெற்றிடம். சூட்டைக் கடத்த அங்கே எதுவுமே இல்லை. வெள்ளிப் பூச்சு, கதிராக வரும் வெப்பத்தையும் திருப்பி அனுப்பிவிடும்.

இதற்கு அவர் பேட்டன்ட் வாங்கவில்லை. ஜெர்மனியில் 1904-ல் தெர்மோஸ் நிறுவனம் தொடங்கி, வீட்டு ஃபிளாஸ்க்கை விற்றுத் தள்ளியபோது டூவரால் தடுக்க முடியவில்லை.

1898-ல் ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கினார். மிச்சம் ஹீலியம். அதில் கைதேர்ந்த வில்லியம் ராம்சேவுக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. கோபக்கார மனுஷன்! 1908-ல் நெதர்லாந்தின் காமர்லிங் ஆன்னஸ் முந்திக்கொண்டார், 1913-ல் நோபலும் வாங்கினார். டூவருக்கு கடைசி வரை நோபல் கிடைக்கவில்லை. 1923-ல், 80 வயதில் இறந்தார்.

சரி, இதில் புரதம் எங்கே வந்தது?

புரதத்தின் வடிவம் தெரியணும்னா அதைப் படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்ச வேண்டும். டூவர் இறந்து 11 ஆண்டுகள் கழித்து, 1934-ல்தான் இதற்கான முதல் நல்ல படம் கிடைத்தது. ஆனால் பாய்ச்சுகிற எக்ஸ்ரேயே படிகத்தை சிதைத்துவிடும். குளிரில் இந்த சேதம் வெகுவாகக் குறையும். சும்மா உறைய வைத்தாலும் ஆபத்துதான், ஏன்னா படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது பனிக்கட்டியானால் படிகம் காலி. அதனால் கிளிசரால் போன்ற ஒன்றில் தோய்த்து, திரவ நைட்ரஜனில் சட்டென முக்குகிறார்கள். தண்ணீர், பனிக்கட்டியாக நேரமில்லாமல் கண்ணாடி போல உறைந்துவிடும். பிறகு சுமார் மைனஸ் 173 டிகிரியில் வைத்து எக்ஸ்ரே எடுக்கலாம்.

ரைபோசோம் ஆய்வுக்காக 2009-ல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் ஒருவர். உடன் பெற்ற அடா யோனாத், உறைநிலைப் படிக ஆய்வின் முன்னோடி.

இப்படி உறைய வைத்த படிகங்களை, ஆய்வகத்திலிருந்து எக்ஸ்ரே எடுக்கும் சின்க்ரோட்ரான் மையம் வரை சூடு படாமல் கொண்டு போகணுமே? அதற்கும் அதே வெற்றிடச் சுவர் பாத்திரம்தான். ஆய்வகத்தில் அதன் பெயர் டூவர்.