சித்திரைக் கார்த்திகையில் உதித்த செல்வர்

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், வெண்பாறைக் குன்றின்மீது மதில் சூழ நிற்கிறது திருவெள்ளறைத் திருக்கோயில். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிப் பரவிய பழம்பதி. கதிரவனோடு இத்தலத்திற்குத் தனியானதோர் உறவு உண்டு. பெருமானைச் சேவிக்க உள்ளே செல்வதற்கு இங்கு இரண்டு வாசல்கள் அமைந்துள்ளன. தை முதல் ஆனி முடிய உத்தராயண வாசல் திறந்திருக்கும். ஆடி பிறந்ததும் அது சாத்தப்பட்டு, மார்கழி முடியத் தட்சிணாயன வாசல் வழியே அடியார்கள் செல்வர். கருவறையிலோ சூரியனும் சந்திரனும் மனித வடிவு கொண்டு, செந்தாமரைக் கண்ணனுக்குச் சாமரம் வீசி நிற்கின்றனர்.

இவ்வூரில் பிறந்து, இவ்வூர்ப் பெருமானின் பெயரையே புண்டரீகாட்சர் எனத் தாங்கி, பின்னாளில் உய்யக்கொண்டார் என்று வைணவ உலகம் போற்ற நின்றவர், நாதமுனிகளுக்குப் பின் ஆசாரிய பீடம் ஏறிய பெருந்தகை. அவர் காலத்தை 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 10-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியுமாகக் கொள்வது குருபரம்பரை மரபு. அவருடைய திருநட்சத்திரம் சித்திரை மாதத்துக் கார்த்திகை.

மாதத்தையும் நாளையும் மட்டும் கொண்டு ஒரு ஜாதகத்தை முழுவதும் எழுதிவிட முடியாது. ஆயினும் இந்த இரண்டு சொற்களுக்குள் சோதிடம் அறிந்தோர் வியந்து நோக்கும் ஓர் அமைப்பு ஒளிந்திருக்கிறது. சித்திரை என்றால் சூரியன் மேடத்தில் இருக்கிறான். மேடம் அவனுக்கு உச்ச வீடு; அதிலும் பத்தாம் பாகை பரமோச்சம். சந்திரனுக்கு உச்ச வீடு இடபம்; அதில் மூன்றாம் பாகை பரமோச்சம். கார்த்திகை விண்மீனின் முதற்பாதம் மேடத்திலும், ஏனைய மூன்று பாதங்கள் இடபத்திலும் அமையும். இடபத்தின் மூன்றாம் பாகை கார்த்திகையின் இரண்டாம் பாதத்திலேயே விழுகிறது. ஆக, முதற்பாதம் நீங்கலாகச் சித்திரைக் கார்த்திகையில் பிறந்த எவருக்கும் இரு சுடர்களும் ஒருசேர உச்சம் பெற்றிருக்கும். அரச யோகம் என்று துள்ளி எழுவதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

அவசரப்படலாகாது. உச்சம் வேறு, பலம் வேறு என்பதை முன்னோர் தெளிவாகவே பிரித்து வைத்தனர். ஸ்தான பலம், திக்கு பலம், கால பலம், சேஷ்டா பலம், நைசர்க்கிக பலம், திருக்கு பலம் என ஆறு வகையாக வலிமையை அளப்பது ஷட்பலக் கணிதம். அவற்றுள் முதலாவதான ஸ்தான பலத்தின் ஐந்து உறுப்புகளில் ஒன்றே உச்ச பலம். நீசப் புள்ளியில் சுழியாகத் தொடங்கி, மூன்று பாகைக்கு ஒரு விரூபாவாக ஏறி, உச்சப் புள்ளியில் 60 விரூபாவை எட்டும் அளவு அது. சந்திரனுக்கோ இன்னொரு கணக்கும் உண்டு. கால பலத்தைச் சேர்ந்த பட்ச பலம், சூரியனை விட்டு அவன் எவ்வளவு விலகி நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. பௌர்ணமியில் அது நிறையும், அமாவாசையில் வற்றும்.

இங்கேதான் சித்திரைக் கார்த்திகையின் வினோதம் வெளிப்படுகிறது. சூரியன் மேடத்தில் நிற்க, சந்திரன் கார்த்திகையில் நின்றால், இருவருக்கும் இடையே நாற்பது பாகைக்குமேல் இடைவெளி இருக்க வழியில்லை. அமாவாசையை ஒட்டிய நாளாக இருக்கும். மிகுந்தால் வளர்பிறைச் சதுர்த்தியாக இருக்கும். இருவரும் பரமோச்சத்திலேயே நின்றதாகக் கொண்டால் இடைவெளி 23 பாகை, திதி துவிதியை. உச்ச பலத்தில் 60 பெற்ற அதே சந்திரன், பட்ச பலத்தில் 8 விரூபாவைக்கூட எட்டுவதில்லை. அதை இரட்டித்துக் கொள்ளும் மரபிலும் 16 தேறாது. இடத்தால் உயர்ந்தவன், ஒளியால் மெலிந்தவன். மாலை வானில் சற்றே தோன்றி மறையும் கீற்று அது. உச்சம் என்ற சொல்லைக் கேட்டதும் பொன் தாம்பாளத்தை எடுத்து வைக்கும் அன்பர்கள் இந்த ஒரு கணக்கையேனும் போட்டுப் பார்ப்பது நல்லது.

புண்டரீகாட்சரின் வாழ்க்கையில் அரச யோகத்தைத் தேடுவோர் ஏமாந்து போவர். அவர் வாழ்வில் நிலைத்துப் பேசப்படும் முதல் நிகழ்ச்சி ஒரு பழஞ்சோற்று உணவு.

திருவெள்ளறையை விட்டு அவர் சென்று சேர்ந்த இடம் வீரநாராயணபுரம், இன்றைய காட்டுமன்னார்கோயில். ஆழ்வார்களின் அருளிச்செயலை மீட்டெடுத்துப் பண்ணோடு பரப்பிக்கொண்டிருந்த நாதமுனிகளின் திருவடியை அங்கே அடைந்தார். ஒருகால் நாதமுனிகள் தம் தேவியார் அரவிந்தப்பாவையை அவர்தம் தந்தையார் வங்கிப்புரத்தாச்சியின் இல்லத்துக்கு அழைத்துச் செல்லுமாறு இவரைப் பணித்தார். சோழியர் குலத்தவர் என்பதால் அவ்வில்லத்தார் இவரைத் தம்மோடு சமமாக வைத்து உண்பிக்கவில்லை. தனியே அமர்த்திப் பழையதை இட்டனர். வழித்துணையாக வந்தவர், கற்றவர், நாதமுனிகளின் நேர் மாணாக்கர் என்பதொன்றும் அந்த இலையின்முன் எடுபடவில்லை. இவரோ அதை ஆசாரியன் தொடர்பால் கிடைத்த பேறு என்று மகிழ்ந்து உண்டு திரும்பினார். அவமதிப்பு ஒன்று நேர்ந்ததாகவே அவர் பேச்சில் தெரியவில்லை. உடன் சென்றோர் வாயிலாக நடந்ததை அறிந்த நாதமுனிகள் நெகிழ்ந்து, தம்மையே உய்வித்தவர் எனப் பாராட்டினார். உய்யக்கொண்டார் என்ற பெயர் அன்று வந்தது. ஆச்சியின் இல்லத்தார் செய்தது தவறு என்பதை இக்கதையைச் சொன்னவர்கள் மறைக்கவில்லை. பொறுத்தவரின் பெருமையைப் பேசும்போது இட்டவரின் சிறுமையை மறந்துவிடக் கூடாது என்ற கருத்து அவர்களுக்கு இருந்திருக்கும் போலும்.

அடுத்த நிகழ்ச்சி இதனினும் ஆழமானது. நாதமுனிகளிடம் இரு பெருஞ்செல்வங்கள் இருந்தன. ஒன்று அட்டாங்க யோகம். மற்றது ஆழ்வார்களின் தமிழும் அதன் பொருளும். எதை விரும்புகிறீர் என ஆசாரியர் வினவ, உய்யக்கொண்டார் யோகத்தை வேண்டாம் என்றார். வீட்டில் பிணம் கிடக்கையில் மணவிழாக் காண்பார் உண்டோ என்பது அவர் தந்த விடையின் கருத்து. உலகத்தார் வழியறியாது உழலும்போது தான் மட்டும் தனியிருந்து இறையின்பம் துய்ப்பது அவருக்கு அத்தகைய செயலாகப் பட்டது. யோகம் குருகைக்காவலப்பனுக்குப் போயிற்று. தமிழ் இவருக்கு வந்தது.

அன்றைய நிலையில் யோகமே உயர்ந்த இருக்கை. ஆனால் அவ்விரண்டின் பின்வரலாறு வேறாக அமைந்தது. குருகைக்காவலப்பன் பிற்காலத்தில் நாதமுனிகளின் பேரரான ஆளவந்தாரிடம் ஒரு நாளும் முகூர்த்தமும் குறித்துத் தந்து, அப்போது வந்தால் யோக ரகசியத்தைத் தருவதாகச் சொன்னார். ஆளவந்தார் திருவனந்தபுரத்துப் பெருமானைச் சேவிக்கச் சென்றிருந்தார். அங்கேதான் குறித்த நாள் அன்றே என்பது நினைவுக்கு வந்தது. எவ்வளவு விரைந்தாலும் சென்றடைய முடியாத தொலைவு. யோகச் செல்வம் குருகைக்காவலப்பனோடு மறைந்தது. உய்யக்கொண்டார் ஏற்ற தமிழ், மாணாக்கர் வழியே பெருகியது.

அந்த மாணாக்கருள் தலையாயவர் லால்குடியை அடுத்த மணக்கால் என்னும் ஊரினரான இராமமிசிரர். மணக்கால் நம்பி என்றால் யாவரும் அறிவர். பன்னிரண்டு ஆண்டுகள் ஆசாரியன் இல்லத்திலேயே இருந்து தொண்டு செய்தார். உய்யக்கொண்டாரின் தேவியார் மறைந்தபின் அடுக்களைப் பொறுப்பையும் அவரே ஏற்றார். ஆசாரியரின் பெண்மக்கள் நீராடி வரும் வழியில் ஒருநாள் சேறு குறுக்கிட்டது. கடக்க அஞ்சி நின்ற சிறுமியருக்காக நம்பி அச்சேற்றில் குப்புறக் கிடந்து, தம் முதுகின்மேல் நடந்து செல்லச் செய்தார். சேறு படிந்த முதுகோடு வந்து நின்றவரைக் கண்டு உய்யக்கொண்டார் உருகினார். வேண்டுவது யாது எனக் கேட்டார். இத்தொண்டு தொடர வேண்டும் என்பதொன்றே நம்பியின் விண்ணப்பம். பழஞ்சோற்றை மகிழ்ந்து உண்டவரிடம் பயின்றவர் வேறு எதைக் கேட்பார்?

தம் பேரனாக ஒருவன் தோன்றுவான், அவனுக்கு யமுனைத்துறைவன் எனப் பெயரிட்டு இந்நெறியில் ஆளாக்க வேண்டும் என்பது நாதமுனிகளின் ஆணை. உய்யக்கொண்டார் அப்பணியை முடிக்கும் பேறு பெறவில்லை. மணக்கால் நம்பியிடம் அதை ஒப்படைத்து மறைந்தார். அரச போகத்தில் மூழ்கியிருந்த ஆளவந்தாரின் அடுக்களைக்கு ஆறு மாதம் தூதுவளைக் கீரை கொண்டு கொடுத்து, அவர் உள்ளத்தில் இடம்பிடித்துத் திருவரங்கத்துக்கு மீட்டு வந்தவர் நம்பி. அந்த வழியில்தான் பின்னர் இராமானுசர் வந்தார். துவிதியைப் பிறையைக் கண்டவர் உய்யக்கொண்டார். பௌர்ணமியைக் கண்டவர்கள் வேறு யாரோ.

பெருநூல் எதுவும் அவர் பெயரால் வழங்கவில்லை. திருப்பாவைக்கு முன் ஓதப்பெறும் தமிழ்த் தனியன்கள் இரண்டு அவர் அருளியவை. ஆண்டாளின் பாட்டுக்கு வாசலாக நிற்பதன்றி வேறெதையும் அவை தமக்கென வேண்டவில்லை. கவிஞர் ஒருவருக்கு இத்தகைய அடக்கம் எளிதில் வாய்ப்பதன்று. ஆயினும் மார்கழி விடியலில் திருப்பாவை ஒலிக்கும் ஊர்களில் அதற்கு முன் கேட்பது திருவெள்ளறைக்காரரின் தமிழ்.

உத்தராயண வாசல் திறந்திருக்கும் சித்திரையில், கார்த்திகை நாளன்று அவருடைய திருநட்சத்திரம் கொண்டாடப்படுகிறது. அவர் தமிழ் மிகுதியும் ஒலிக்கும் மார்கழியிலோ திறந்திருப்பது தட்சிணாயன வாசல். தை பிறந்ததும் அது சாத்தப்படும்.