புளோரினைப் பிடித்த முவாஸான்

கிருஷ்ணகிரி ஜில்லாவில் சில கிராமங்களின் வாலிபர்களுக்குப் பற்களில் பழுப்புக் கறை படிந்திருப்பதை நேயர்கள் அறிவர். அது அசுத்தத்தால் வந்ததன்று. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் புளோரைடு உப்பின் வேலை அது. அவ்வுப்பில் மறைந்து நிற்கும் புளோரினை முதன்முதலாகத் தனியே பிரித்தவர் ஆன்ரி முவாஸான் என்னும் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி. அவர் சரித்திரத்தை இன்று சுருக்கமாகக் கூறுவோம்.

முவாஸான் 1852-ம் வருஷம் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ரயில்வே ஊழியர்; தாய் தையல் வேலை செய்தவர். பட்டம் பெறாமலே பள்ளியை விட்ட முவாஸான், ஒரு மருந்துக் கடையில் வேலை பழகினார். பின்னர் சொந்த முயற்சியால் கற்றுத் தேறி டாக்டர் பட்டமும் அடைந்தார்.

புளோரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை உப்பீனிகள் என்னும் ஒரே குடும்பம். மூலகங்களின் அட்டவணையில் இவை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. உலோகத்தோடு கூடி உப்பை விளைவிப்பது இவற்றின் குலகுணம். மற்ற மூன்றும் 1826-க்குள் பிடிபட்டுவிட்டன. தலைமகனாகிய புளோரின் மட்டும் அகப்படவில்லை. தொட்ட பொருளையெல்லாம் அரித்தது. அதைத் தேடிய அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர் கொடிய விஷத்துக்கு ஆளாயினர். பெல்ஜியத்தின் லூயே உயிரையே இழந்தார். முவாஸானும் விஷ வாயுவால் பலமுறை வேலையை நிறுத்த நேர்ந்தது.

1886 ஜூன் 26-ந் தேதி அவர் வெற்றி கண்டார். பிளாட்டினக் குழாயில் ஹைட்ரஜன் புளோரைடு திரவத்தை மிகக் குளிரவைத்து, பொட்டாசியம் உப்பைக் கலந்து, மின்சாரம் பாய்ச்சினார். வெளிவந்த வாயு பட்டதும் சிலிக்கன் தீப்பற்றியது. விஞ்ஞானக் கழகத்தார் பார்வையிட வந்த நாளிலோ வாயு வரவில்லை. அவர் மனம் தளரவில்லை. திரவத்தை மிதமிஞ்சிச் சுத்தம் செய்ததே பிழை எனக் கண்டார். உப்பைச் சேர்த்து மீண்டும் நடத்திக் காட்டினார். 1906-ல் நோபல் பரிசு பெற்ற அவர், 1907 பிப்ரவரி 20-ந் தேதி 54-ம் வயதில் காலமானார்.

முவாஸான் ஆபத்தை அறிந்தே அதை ஏற்றார். நம் குடியானவனோ அறியாமலே குடிக்கிறான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருந்தால் பல் கெடும். மிகுந்தால் எலும்பும் விறைத்து முதுகு வளையும். நீரைக் காய்ச்சினாலும் அது நீங்காது. எல்லைக்கப்பால் கோலார் ஜில்லாவிலும் இதே துன்பம்தான். பாறைக்கு ராஜ்ய எல்லை தெரியாது.

இக்குறையைத் தீர்க்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டது. எனினும், காவிரி நீர் தவறும் நாளில் ஆழ்கிணறுதானே கதி? ஆகவே ஒவ்வொரு பொதுக் கிணற்று நீரையும் சோதித்து, அளவை அதனருகே எழுதி வைக்கும்படி ஊழியர்கள் கிராம சபையில் கேட்க வேண்டும். மோட்டார் வண்டிகள் செய்யும் ஓசூருக்கு அருகே, குடிநீரின் குணம் தெரியாமல் ஒரு குழந்தை வளருமானால், அது நமக்கே வெட்கமாகும்.