ட்ரோனுக்கும் ஆர்சி ஹெலிகாப்டருக்கும் தாத்தா ஒரு பொம்மைப் படகு! 1898-ல் நிகோலா டெஸ்லா செய்தது என்ன?

டெஸ்லா என்றதும் இப்போது எல்லாருக்கும் கார் கம்பெனிதான் ஞாபகம் வரும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் இறந்து 80 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏசி கரன்ட்டைப் பிரபலமாக்கிய விஞ்ஞானி என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் மைதானத்தில் ரிமோட்டில் ஹெலிகாப்டர் விடுகிறவர்களும், கல்யாண மண்டபத்துக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு வீடியோ எடுக்கிறவர்களும் கையில் வைத்திருக்கும் விஷயத்தை முதலில் செய்து காட்டியவரும் அவர்தான்.

யார் இந்த டெஸ்லா?

1856 ஜூலை 10-ம் தேதி, இன்றைய குரோஷியாவில் உள்ள ஸ்மில்யான் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். செர்பியக் குடும்பம். அப்பா ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டு வேலைக்குத் தேவையான கருவிகளைத் தானே செய்துகொள்வாராம். கை வேலை அம்மாவிடமிருந்து வந்தது என்றுதான் டெஸ்லா கடைசி வரை நம்பினார்.

கிராட்ஸ் நகரில் இன்ஜினியரிங் சேர்ந்தவர் டிகிரி வாங்காமலேயே வெளியே வந்துவிட்டார். 1884-ல் நியூயார்க் போய் எடிசன் கம்பெனியில் சில மாதங்கள் வேலை. பணத் தகராறில் அதையும் விட்டார். பிறகு தன் பெயரில் ஆரம்பித்த கம்பெனியிலிருந்தே பார்ட்னர்கள் அவரைக் கழற்றி விட்டார்கள். 1886-87 வாக்கில் அவர் தினக்கூலிக்குப் பள்ளம் தோண்டிப் பிழைத்தார் என்றால் நம்புவீர்களா? 1888-ல் வெஸ்டிங்ஹவுஸ் அவருடைய ஏசி காப்புரிமைகளை வாங்கிய பிறகுதான் நிலைமை மாறியது.

1895 மார்ச் 13-ம் தேதி அதிகாலை, நியூயார்க்கில் அவருடைய ஆய்வகம் எரிந்து சாம்பலானது. இன்சூரன்ஸ் கிடையாது. பல வருட உழைப்பு ஒரே இரவில் போனது. ஹூஸ்டன் தெருவில் வேறு இடம் பிடித்து முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த இடத்தில்தான் படகு உருவானது.

படகுக்குள்ளே என்ன இருந்தது?

ரேடியோ அலை அப்போது ரொம்பப் புதுசு. 1895-ல் நம்ம கொல்கத்தாவில் ஜெகதீஷ் சந்திர போஸ், தூரத்தில் இருந்தபடியே ரேடியோ அலையால் மணி அடிக்க வைத்து, வெடிமருந்தையும் பற்ற வைத்துக் காட்டியிருந்தார். இத்தாலிக்காரர் மார்க்கோனி கம்பியில்லாமல் தந்தி அனுப்பப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் செய்தி அனுப்ப நினைத்தபோது டெஸ்லா கட்டளை அனுப்ப நினைத்தார். அலை போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு இயந்திரம் அதற்குக் கீழ்ப்படிய வேண்டும்!

1898-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சி. ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் சுமார் 4 அடி நீள இரும்புப் படகு. மேலே ஆன்டெனாவாக ஒரு கம்பி, ஒன்றிரண்டு விளக்குகள். உள்ளே பேட்டரி, ப்ரொப்பல்லர் சுற்ற ஒரு மோட்டார், சுக்கான் திருப்ப இன்னொரு மோட்டார். டெஸ்லா தள்ளி நின்று ஒரு பெட்டியில் இருந்த கைப்பிடியைத் திருப்ப, படகு வளைந்தது, நின்றது, விளக்கு சிமிட்டியது.

இதற்கான சாமான் எதுவும் கடையில் கிடையாது. டிரான்சிஸ்டர் வர இன்னும் 49 வருடம் இருந்தது. ரேடியோ வால்வுகூட வரவில்லை. சிக்னலைப் பிடிக்க அன்று பெரும்பாலும் பயன்பட்டது, உலோகத் தூள் நிரப்பிய ஒரு சின்ன குழாய். ரேடியோ அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் ஒட்டினது ஒட்டினதுதான், அலை நின்றாலும் பிரியாது. மற்றவர்கள் குட்டிச் சுத்தியலால் குழாயைத் தட்டித் தூளை உதிர்த்தார்கள். டெஸ்லா வேறு மாதிரி யோசித்தார். ஒவ்வொரு சிக்னலுக்கும் குழாயையே தலைகீழாகப் புரட்டிவிடும் அமைப்பைச் செய்தார். தூள் தானாக உதிர்ந்து அடுத்த சிக்னலுக்கு ரெடி.

அடுத்த பிரச்சினை, வருவது ஒரே வகை சிக்னல். அதை வைத்து இடது, வலது, நில் என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு படி நகரும் சக்கரம் வைத்தார். முதல் சிக்னலுக்குச் சுக்கான் ஒரு பக்கம் திரும்பும், அடுத்ததற்கு நிற்கும், அதற்கடுத்து மறுபக்கம், பிறகு மறுபடி நிற்கும். இந்த வரிசை மனதில் இல்லாவிட்டால் படகு சுவரில் முட்ட வேண்டியதுதான். 1950-களில் ரிமோட் விமானம் விட்டவர்களும் ரப்பர் பேண்ட் முறுக்கில் ஓடும் இதே மாதிரி ஏற்பாட்டோடுதான் மல்லுக்கட்டினார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் அடிப்படை மாறவில்லை!

பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. மந்திரம் என்றார்கள் சிலர். பழக்கிய குரங்கு உள்ளே இருக்கிறது என்றுகூடச் சந்தேகப்பட்டார்களாம். டெஸ்லாவும் சும்மா இருக்கவில்லை, நன்றாக விளையாடினார். கேள்வி கேளுங்கள், படகு பதில் சொல்லும் என்றார். 64-ன் கனமூலம் என்ன என்று ஒருவர் கேட்க, விளக்கு 4 முறை சிமிட்டியது. பெட்டியை இயக்கியது டெஸ்லாவின் கைதான் என்று சொல்லவும் வேண்டுமா?

காப்புரிமை அலுவலகமும் லேசில் நம்பவில்லை. தலைமைப் பரிசோதகரே நியூயார்க் வந்து நேரில் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டதாக டெஸ்லா பின்னாளில் எழுதினார். 1898 நவம்பர் 8-ம் தேதி காப்புரிமை கிடைத்தது. எண் 613809.

கடற்படை ஏன் வாங்கவில்லை?

அது அமெரிக்கா, ஸ்பெயினோடு போர் நடத்திய வருடம். ஆளில்லாத படகில் வெடிமருந்து ஏற்றி எதிரிக் கப்பல் மீது விடலாம் என்றார் டெஸ்லா. இவ்வளவு பயங்கரமான ஆயுதம் எல்லா நாட்டிடமும் இருந்தால் போரே நின்றுவிடும் என்பது அவருடைய கணக்கு. வியன்னாவில் இருந்த எழுத்தாளர் மார்க் ட்வைன், இதை ஐரோப்பிய அரசுகளிடம் தானே விற்றுத் தரட்டுமா என்று கடிதம் போட்டார். ஆனால் வாஷிங்டனில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. காப்புரிமைக்கு ஆயுள் 17 வருடம். 1915-ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே அது காலாவதியானது. போர் நின்றுவிடும் என்ற அவருடைய கணக்கு எவ்வளவு தப்பு என்பதை இன்றைய ட்ரோன் தாக்குதல் செய்திகளைப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எதிரி தன் சிக்னலை அனுப்பிப் படகைக் கடத்திக்கொண்டு போனால்? இந்தக் கேள்வியும் டெஸ்லாவுக்கு வந்தது. இரண்டு வேறு அலைவரிசைகள் ஒரே நேரத்தில் வந்தால் மட்டும் வேலை செய்யும் ரிசீவருக்கு 1900-ல் விண்ணப்பித்து, 1903-ல் காப்புரிமை பெற்றார். இரண்டு சாவி போட்டால் திறக்கும் பூட்டு மாதிரி.

சினூக் மாதிரி முன்னும் பின்னுமாக இரண்டு விசிறி உள்ள ஆர்சி ஹெலிகாப்டர்களைப் பார்த்திருப்பீர்கள். அதில் கட்டளைகளைக் கலப்பதுதான் பெரிய தலைவலி. முன்னே போக வேண்டுமென்றால் முன் விசிறியின் தூக்கும் விசை குறைய வேண்டும், பின் விசிறிக்குக் கூட வேண்டும். திரும்ப வேண்டுமென்றால் ஒன்று இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமும் சாய வேண்டும். சாதாரண ஹெலிகாப்டர் மாடலுக்கான போர்டு பல சமயம் இதற்குச் சரிப்படாது. அதனால் ஆர்வலர்கள் சின்ன மைக்ரோகன்ட்ரோலர், கைரோ சென்சார் வாங்கி, சால்டரிங் செய்து, புரோகிராமும் தாங்களே எழுதுகிறார்கள். வந்த சிக்னலை இயந்திரத்துக்குப் புரிகிற அசைவாக மாற்ற டெஸ்லாவுக்கு இருந்தது ரிலேவும் பல்சக்கரமும்தான்.

கடைசிக் காலம்

1901-ல் வங்கி முதலாளி ஜே.பி. மார்கன் கொடுத்த 1,50,000 டாலரில் லாங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் கோபுரம் எழுந்தது. கம்பியில்லாமல் செய்தியும் மின்சாரமும் அனுப்புவது திட்டம். மார்கன் மேற்கொண்டு பணம் தர மறுக்க, வேலை நின்றது. 1917-ல் கோபுரத்தை இடித்தார்கள்.

1928-ல், 71 வயதில், கடைசியாக ஒரு காப்புரிமை. அதுவும் பறக்கும் இயந்திரத்துக்குத்தான்! ஹெலிகாப்டர் மாதிரி நேராக மேலே எழும்பி, பிறகு அப்படியே சாய்ந்து விமானமாகப் பறக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் கவிழாமல் இருக்க சீட்டும் கூடவே திரும்பும். அதைச் செய்து பார்க்க அவரிடம் பணம் இல்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹோட்டல் ஹோட்டலாக மாறினார், பாக்கி வைத்தார், புறாக்களுக்குத் தீனி போட்டார். 1934 முதல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி மாதம் 125 டாலரும் அறை வாடகையும் கொடுத்தது. 1943 ஜனவரி 7-ம் தேதி, ஹோட்டல் நியூயார்க்கரின் 3327-ம் எண் அறையில் தனியாக இறந்தார். வயது 86. தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டை கதவில் தொங்கியதால் மறுநாள்தான் பணிப்பெண் உள்ளே போய்ப் பார்த்தார்.

அதே வருடம் ஜூனில், மார்க்கோனியின் முக்கியமான ரேடியோ காப்புரிமையின் உரிமைகளை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவருக்கு முன்பே இந்த வேலையைச் செய்தவர்கள் என்று தீர்ப்பில் குறிப்பிடப்பட்டவர்களில் டெஸ்லாவும் ஒருவர். அவருடைய காகிதங்களும் சாமான்களும் பிறகு கப்பலேறி பெல்கிரேடு போய்ச் சேர்ந்தன. 1957-ல் அஸ்தியும் அங்கே போனது. இன்றும் அங்குள்ள டெஸ்லா அருங்காட்சியகத்தில் தங்க நிற உருண்டை ஒன்றுக்குள் இருக்கிறது.