நீரிழிவுக்குத் தனி மருத்துவம் கண்ட டாக்டர் எம். விஸ்வநாதன்

ரஜூலா கப்பலில் பினாங்கு வந்திறங்கி, கெடா தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோர் பலர் சென்னைத் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறினர். அந்தத் துறைமுகத்துக்கு அருகே உள்ளது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. 1948-இல் அங்கு நீரிழிவு நோயாளிகளுக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார் இளம் மருத்துவர் எம். விஸ்வநாதன். இந்தியாவின் முதல் நீரிழிவுப் பிரிவாக அது குறிப்பிடப்படுகிறது.

இனிப்பு நீர் என்றால் பணக்காரர் வியாதி என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. ஏழைகள் வரும் அரசு மருத்துவமனையில் அதற்கென ஓர் இடம் கிடைத்தது பெரிய மாற்றமாகும்.

அப்போது கையில் இருந்த ஒரே மருந்து, 1921-இல் கனடாவில் கண்டுபிடிக்கப்பட்ட இன்சுலின் ஊசி. 1950-களின் நடுவில்தான் சல்போனைல்யூரியா மாத்திரைகள் வந்தன. 1957-இல் பிரான்சில் மெட்பார்மின் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆனால், மாத்திரை எல்லாருக்கும் பொருந்தாது. முதல் வகை நீரிழிவில் உடலில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிடுகிறது. அவர்களுக்கு ஊசிதான் உயிர். இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் போதாது, அல்லது உடல் அதற்குச் சரியாக இணங்காது. இவர்களுக்கே மாத்திரை பயன்படும். ஆண்டுகள் செல்லச் செல்ல இவர்களில் பலருக்கும் ஊசி தேவைப்படலாம்.

1954-இல் ராயபுரத்தில் விஸ்வநாதன் சொந்த மருத்துவமனையைத் தொடங்கினார். 1971-இல் அது நீரிழிவுக்கு மட்டுமே உரிய மருத்துவமனையானது. 1972-இல் இந்திய நீரிழிவு ஆராய்ச்சிச் சங்கம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு. சோறு உண்ணும் மக்களுக்கு ஏற்ற, நார்ச்சத்து மிகுந்த உணவு முறையையும் ஆராய்ந்தார். மகன் டாக்டர் வி. மோகன், மருத்துவ மாணவராக இருந்தபோதே தந்தையின் ஆராய்ச்சியில் இணைந்தார். 1996-இல் விஸ்வநாதன் காலமானார்.

மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம்.

சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் என எந்த ஊரிலும் அரசாங்க கிளினிக்கில் இன்று மருந்து கிடைக்கிறது. ஆனாலும், ஊசி போட்டால் கடைசிக் கட்டம் என்று அஞ்சி மறுப்பவர்களும், சர்க்கரை குறைந்ததும் மாத்திரையை நிறுத்துபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் பறிப்பது ஊசியல்ல, கவனிக்காமல் விட்ட சர்க்கரைதான். மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ மருத்துவரைக் கேட்ட பிறகே நடக்கட்டும்.