வாசிக்கத் தெரியாதவர் செய்த ஆர்கன்

கிள்ளானில் கீபோர்டு, ஒலிபெருக்கி பழுதுபார்ப்பது என் தொழில். சிறுவயதில் அம்மா என்னைப் பிரிக்பீல்ட்சில் ஒரு பாட்டு வகுப்பில் சேர்த்தார். மூன்றாம் மாதமே, இந்தப் பிள்ளைக்குச் சுருதி நிற்காது என்று அனுப்பிவிட்டார்கள். கொமுட்டர் ரயிலில் வீடு வந்து சேரும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. இசைக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்லை, உறவுமில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய ஹேமண்ட் ஆர்கன் ஒன்று என் கடைக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த கருவி. நம் மின்சாரத்தின் வோல்ட்டைக் குறைத்துத் தர ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே இருந்தது. ஒலி கனமாகத்தான் வந்தது. ஆனால் என் காதை நம்பாமல் டியூனரை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு கட்டையும் ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் கீழே ஒலித்தது. இரண்டு வாரம் கழற்றிப் பூட்டியும் பழுது எதுவும் அகப்படவில்லை. காரணம் தேடிப் போன இடத்தில்தான் லாரன்ஸ் ஹேமண்டைச் சந்தித்தேன், புத்தகங்கள் வழியாக.

தோல்விகள் நிறைந்த பாதை

ஹேமண்ட் 1895 ஜனவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பிறந்தார். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தார். ஓவியரான தாய் பிள்ளைகளை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். 14 வயதில் காரின் கியர் தானாக மாறும் அமைப்பு ஒன்றை வரைந்து ரெனோ நிறுவனத்திடம் காட்டினார். அவர்கள் ஏற்கவில்லை. பையன் சோர்ந்துவிடவும் இல்லை.

1916இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முடித்தார். முதல் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றினார். 1922இல் முப்பரிமாணப் படம் காட்டும் கருவியைச் செய்தார். புதுமைக்குப் பாராட்டு கிடைத்தது, வியாபாரம் நிலைக்கவில்லை. 1928இல் மின்கடிகார நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டே பொருளாதார வீழ்ச்சி வந்தது. கடிகார விற்பனை சரிந்தது. சீட்டுகளைத் தானே கலைத்துப் பிரித்துப் போடும் மேசை செய்து விற்றுப் பார்த்தார். அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான் கைகொடுத்தது.

கடிகார மோட்டார் பாடியது

கையில் மிஞ்சியது ஒரு நல்ல மோட்டார். அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 சுற்று அதிர்வது. அந்த அதிர்வோடு பிசகாமல் சேர்ந்து சுழலும் மோட்டார்தான் அவருடைய கடிகாரத்தின் உயிர். அதைக் கொண்டு இசை எழுப்ப முடியுமா என்று யோசித்தார்.

பழைய பியானோ ஒன்றை வாங்கி, கட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கிப் போட்டார். முதல் மாடலுக்குள் 91 சிறு உலோகச் சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் மேடு பள்ளங்கள். பக்கத்தில் காந்தமும் கம்பிச்சுருளும். மேடு ஒவ்வொன்றும் காந்தத்தைக் கடக்கும்போது சுருளில் மின்துடிப்பு பிறக்கும். வினாடிக்கு 440 மேடுகள் கடந்தால் 440 அதிர்வெண் கொண்ட சுரம் கேட்கும். அத்தனை சக்கரங்களையும் ஒரே மோட்டார் சுழற்றுவதால் சுரங்களுக்குள் பேதம் வராது.

இதில் வியப்பு என்னவென்றால், ஹேமண்டுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. அவர் நிறுவனத்தின் பொருளாளர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். அவருடைய காதைத் துணைக்கு வைத்துக்கொண்டார்.

என் புதிரும் இங்கேதான் அவிழ்ந்தது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. மலேசிய மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடியது. சுருதியும் அதே கணக்கில் இறங்கியது. கருவியில் ஒரு குறையும் இல்லை.

குறையே சுவையானது

1934இல் காப்புரிமை கிடைத்தது. 1935 ஏப்ரலில் நியூயார்க்கில் ஆர்கன் அறிமுகமானது. பெரிய குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் இதை வாங்கின. குழாய் ஆர்கனுக்கு இது ஈடாகுமா என்று வழக்கு எழுந்தது. 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத் தேவாலயத்தில் இரண்டையும் மறைவில் வாசித்துக் காட்டினார்கள். தேர்ந்த இசைவாணர்களே ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை மாற்றிச் சொன்னார்கள்.

ஆலயத்திற்கென்று பிறந்த கருவி பிறகு கிளப்புகளுக்குள் நுழைந்தது. 1956இல் பில் டாகெட்டின் 'ஹாங்கி டாங்க்' பாடகரே இல்லாத இசையாக வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. 1959இல் டேவ் கோர்டெஸின் 'தி ஹேப்பி ஆர்கன்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1962இல் மெம்பிஸ் நகரில் 'கிரீன் ஆனியன்ஸ்' இசைக்குச் சிறிய ஹேமண்ட் எம்-3 வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு வயது 17. நம் ஊரில் எஸ்பிஎம் எழுதும் வயது.

கட்டையை அழுத்தும்போது எழும் சிறு 'டிக்' ஒலியைப் பொறியாளர்கள் கோளாறு என்றார்கள். ரிதம் அண்ட் புளூஸ் கலைஞர்களோ அதைத் தாளமாக்கிக் கொண்டார்கள். டான் லெஸ்லி செய்த சுழலும் ஒலிபெருக்கியை ஹேமண்டுக்குப் பிடிக்கவில்லை. கலைஞர்கள் அதையே தேடி வாங்கினார்கள். செய்தவரின் எண்ணத்தை மீறி வளர்ந்த பிள்ளை இது. இன்று நம் கல்யாண மண்டபங்களில் வாசிக்கும் கீபோர்டுகளிலும் அந்த ஒலியின் நகல் இருக்கிறது.

1960இல் ஓய்வு பெற்ற ஹேமண்ட், 1973 ஜூலையில் மறைந்தார். அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன.

அந்த ஆர்கனுக்கு அதிர்வெண் மாற்றும் கருவி ஒன்றைப் பொருத்தினேன். டியூனரின் முள் நடுவில் வந்து நின்றது. அன்று மாலை அம்மாவைக் கடைக்கு அழைத்து வந்து, ஒரே ஒரு கட்டையை அழுத்திக் காட்டினேன். எனக்கு அதற்குமேல் வாசிக்கத் தெரியாது. சுருதி சரியாக இருக்கிறதா என்று அம்மாவிடம்தான் கேட்டேன். தலையாட்டினார்.

இயற்பியல் பாடத்தில் மின்தூண்டல் படிக்கும் தம்பி தங்கைகளே, அந்த ஒரு கட்டையின் ஒலிக்குள் இருப்பதும் அந்தப் பாடம்தான்.